நாலாய் மடித்த டொபித் தாள்

கொன்ஸ்ரன்ஸுக்கு ஒரு கர்வம் உண்டு. ஒருமுறை பேசிய மனிதரிடம் அடுத்த முறை "யார் கதைக்கிறது?" என்று அவள் கேட்டதே கிடையாது.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில் ஒரு மருத்துவ நிலையம் இருக்கிறது. இருபத்திரண்டு வருடமாக அங்கே தொலைபேசி எடுப்பது அவள்தான். கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, காலை ஏழரைக்குக் கதிரையில் உட்கார்ந்தால், மறுமுனையில் மூச்சிழுக்கும் சத்தத்திலேயே ஆளைப் பிடித்துவிடுவாள். "சொல்லுங்க கனகசபாபதி ஐயா, நேற்று சீனி பார்த்தீங்களா?" என்பாள். ஐயா இன்னும் வாய் திறந்திருக்க மாட்டார். யாருக்குக் காய்ச்சல், யார் அழுதுவிட்டு எடுக்கிறார், யார் காசு கட்டாமல் சாட்டுச் சொல்லப் போகிறார் எல்லாம் அவளுக்கு 'ஹலோ'விலேயே தெரிந்துவிடும். "இந்தப் பிள்ளையின்ட காதை ஸ்கேன் அறையில வைக்கோணும்" என்று டொக்டர்மார் பகிடி விடுவார்கள். பிள்ளைக்கு இப்போது நாற்பத்தெட்டு வயது.

அவளுடைய கலியாணம் நின்றதும் காதாலேதான். வத்தளையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. நல்ல குடும்பம், மாப்பிள்ளை துறைமுகத்தில் எழுதுவினைஞர். இரண்டு மாதம் தொலைபேசியில் கதைத்தார்கள். மூன்றாம் மாதம் கொன்ஸ்ரன்ஸ் வேண்டாம் என்றுவிட்டாள். ஏன் என்று பக்கத்து வீட்டு ஸமீமா குடைந்து குடைந்து கேட்டபோது, "அந்தாள் ஓம் எண்டு சொல்லேக்க அதுக்குள்ள ஓம் இல்ல" என்றாள். ஸமீமா தலையில் கைவைத்தாள். ஆறு மாதம் கழித்து அந்த மாப்பிள்ளைக்கு நீர்கொழும்பில் ஏற்கெனவே ஒரு குடும்பம் இருப்பது தெரியவந்ததும், "ஒன்ட காதுக்கு ஒரு தங்கத் தோடு வாங்கிப் போடணும் கொன்ஸி" என்று வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

அப்படிப்பட்ட காது ஒரேயொரு குரலிடம் பத்தொன்பது வருடம் ஏமாந்திருந்தது. அது அவளுடைய தம்பி அனுஜனின் குரல்.

அனுஜன் ஜெர்மனியில் இசையமைப்பாளனாக இருந்தான். சினிமாவுக்குப் போடுகிற இசை இல்லை. பாட்டும் இல்லை, தாளமும் இல்லை. பழைய ஒலிநாடாக்கள், கதவுகள், குழாய்கள், மனிதர் இருமும் சத்தம், இவற்றை வைத்துச் செய்கிற இசை. அதற்கு அங்கே மண்டபம் கொடுக்கிறார்கள், பரிசு கொடுக்கிறார்கள், புத்தகங்களில் எழுதுகிறார்கள். கொன்ஸ்ரன்ஸுக்கு அது முழுவதுமாக விளங்கியதென்று சொல்ல முடியாது. ஆனால் அது எங்கே முளைத்தது என்பது அவளுக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். கொட்டாஞ்சேனை வீட்டின் முன்னறையில், பிளாஸ்டிக் மேசைவிரிப்பின்மேல் இருந்த ஒரு ரெக்கோர்டருக்குள் அது முளைத்தது.

அப்போது அப்பா பஹ்ரைனில், துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு எழுத்து வராது. ஆகவே கடிதத்துக்குப் பதில் கசெட் போனது. ஒரே கசெட்தான். ஒரு பக்கம் வீட்டுக்கு, மறுபக்கம் அப்பாவுக்கு. அதே நிறுவனத்தில் வேலை செய்த ஸவாஹிர் நானா, அதாவது ஸமீமாவின் வாப்பா, லீவில் வரும்போது கொண்டுவருவார், போகும்போது கொண்டுபோவார். அவர் வராத மாதங்களில் வேறு கூட்டாளிகள். அப்பா கேட்டு முடித்ததும் அதன்மேலேயே அடுத்த செய்தி பதியப்படும். எப்போதும் கசெட்டை முதலுக்குச் சுற்றிவிட்டுத்தான் தொடங்குவார்கள். அது வீட்டு வழக்கம்.

தொண்ணூறாம் ஆண்டு தவக்காலத்தில் அம்மா பத்து நிமிடம் பேசிப் பதிந்தாள். மீன் விலை, வீட்டுக்காரனின் வாய், கோயில் பாடற்குழுவில் கொன்ஸிக்கு இடம் கிடைத்தது, சின்னவன் டொபி தின்று பல்லைக் கெடுப்பது. அதைச் சொல்லும்போதே ஒரு இருமல். கடைசியில், "கொன்ஸி, இஞ்ச வா. அப்பாவுக்கு ஒரு சொல் சொல்லன்" என்று கூப்பிட்டாள். பதினான்கு வயதுக் கொன்ஸிக்கு வெட்கம். "பிறகு சொல்றன்" என்று குசினிக்குள் ஓடிவிட்டாள். அந்தக் கசெட் போகுமுன்பே, உயிர்த்த ஞாயிறு கழிந்த இரண்டாம் கிழமை, மஞ்சட்காமாலையில் அம்மா போய்விட்டாள். அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை.

அம்மாவின் நாற்பதாம் நாள் கழிந்ததும் ஸவாஹிர் நானா புறப்படவிருந்தார். அம்மாவின் குரல் முடிந்த இடத்துக்குப் பிறகு தான் பேச வேண்டும் என்றுதான் கொன்ஸ்ரன்ஸ் நினைத்திருந்தாள். ஆனால் கை வழக்கப்படியே செய்தது. கசெட்டை முதலுக்குச் சுற்றி, பதிவுக்கான இரண்டு பொத்தானையும் ஒன்றாக அழுத்தி, அப்பா இது கொன்ஸி என்று தொடங்கிவிட்டாள். மூன்று நிமிடம் பேசிய பிறகுதான் உறைத்தது. அம்மாவின்மேல் பதிந்துவிட்டோம்.

திருப்பிப் போட்டுக் கேட்டாள். அவளுடைய குரல் வந்தது. அதற்கு அடியில் அம்மாவும் இருந்தாள். மீன் விலை சொல்லிக்கொண்டிருந்தாள்.

ரெக்கோர்டரின் மூடியைத் திறந்து பார்த்தபோது காரணம் கிடைத்தது. ஆறு வயது அனுஜன் டொபி சுற்றிய பொன்னிறத் தாளை உள்ளே திணித்து வைத்திருந்தான். பதியும்போது பழைய குரலை அழிப்பதற்கென்று ரெக்கோர்டருக்குள் ஒரு சின்னக் காந்தம் இருக்கும். தாள் அதற்கும் நாடாவுக்கும் இடையில் புகுந்து அதைத் தடுத்துவிட்டது. அவனை அடிக்க ஓங்கிய கையை அப்படியே வைத்துக்கொண்டு கொன்ஸ்ரன்ஸ் இன்னொருமுறை கேட்டாள். அம்மா குசினியில் நின்று கதைக்க, அவள் முன்னறையிலிருந்து கதைப்பதுபோல இருந்தது. வீடு முன்போல இருந்தது.

அந்தக் கசெட்டைத்தான் அனுப்பினாள். அப்பாவின் பதில் அவருடைய பக்கத்தில் வந்தது. "அம்மா பின்னால நிண்டு கதைக்கிறா மகள். இனியும் இப்பிடியே செய்யுங்கோ." அதன் பிறகு ஒவ்வொரு முறையும் அவள் டொபித் தாளை நாலாய் மடித்து, நகத்தால் விளிம்பைத் தேய்த்து, காந்தத்தின் முன்னால் செருகி, அந்தப் பத்து நிமிடத்தின் மேலேயே பேசினாள். அப்பா திரும்பி வரும்வரை, இரண்டு வருடத்தில் ஏழு முறை. ஏழு கொன்ஸ்ரன்ஸ், இரண்டு மூன்று அனுஜன், அடியில் ஒரு அம்மா. அம்மாவின் குரல் வரவர மங்குவதைக் கவனித்தாள்தான். ரெக்கோர்டர் கிழண்டுகிறது என்று நினைத்து, பஞ்சில் ஓடிக்கொலோன் வாசனைத் தண்ணீர் தொட்டு அதன் உட்புறத்தைத் துடைத்தாள்.

கசெட் வீட்டில் இருக்கும் நாட்களில் அனுஜன் அதைக் கேட்காமல் தூங்கமாட்டான். அவனுக்கு வேறு தாலாட்டு இல்லை. பாயில் படுத்துக்கொண்டு, ரெக்கோர்டரில் ஒலி வரும் வலையில் காதை ஒட்டி, எந்தக் குரல் எந்தக் குரலுக்குப் பின்னால் இருக்கிறது என்று எண்ணுவான். பள்ளிக்கூடத்துப் பியானோவில் கைவைத்த முதல் நாளே மூன்று மெட்டை ஒன்றாக வாசித்து ஆசிரியையிடம் குட்டு வாங்கினான். பெரிய வெள்ளிக்கிழமை கோயிலில் மணி அடிக்காமல் மரக்கட்டை தட்டுவார்களே, அந்தச் சத்தத்துக்காக வருடம் முழுக்கக் காத்திருப்பான். துறைமுகத்தில் கப்பல் ஊதினால் சாப்பாட்டை விட்டுவிட்டு எழும்பி, "அக்கா, இது நேற்றையான் கப்பல் இல்ல" என்பான். அவள் அவனைச் சனிக்கிழமை தோறும் வெள்ளவத்தைக்கு வயலின் வகுப்புக்குக் கூட்டிப்போய், வாசலில் செருப்புகளோடு உட்கார்ந்திருந்தாள்.

இரண்டாயிரத்து நான்கில் புலமைப்பரிசில் கிடைத்து அவன் புறப்பட்டபோது அப்பாவும் உயிரோடு இல்லை. "கசெட்டைத் தாங்க அக்கா. அங்க நல்ல மெஷின் இருக்கு, அம்மாட குரலைத் தெளிவாக்கிக் கொண்டு வாறன்" என்றான். அவள் தன் கைக்குட்டையில் சுற்றிக் கொடுத்தாள்.

அடுத்த வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த நேரம், அழைப்பு வந்தது. விடுதியில் குழாய் வெடித்து அறையெல்லாம் தண்ணீர், பெட்டியோடு கசெட்டும் ஊறிக் குப்பைக்குப் போய்விட்டது என்றான். சொல்லும்போதே விக்கி விக்கி அழுதான். கொன்ஸ்ரன்ஸ் அந்த அழுகையைக் கேட்டாள். அது உண்மையான அழுகை. அவளுக்குத் தெரியாதா. ஆகவே தன் அழுகையை விழுங்கிக்கொண்டு, "போனாப் போகுது தம்பி. நீ இருக்கிறாய் தானே. அம்மா எங்கட காதுக்குள்ள இருக்கிறா" என்று அரைமணி நேரம் ஆறுதல் சொன்னாள். தொலைபேசியை வைத்த பிறகு ஸமீமாவின் மடியில் விழுந்து அழுதாள்.

இந்த வருடம் ஓகஸ்டில் அனுஜன் கொழும்புக்கு வந்தான். கொழும்பின் பணக்காரப் பகுதியான கறுவாத்தோட்டத்தில் ஒரு கலைக்கூடம் அவனை அழைத்திருந்தது. வெள்ளியும் சனியும் மாலை ஆறரைக்கு நிகழ்ச்சி. கொன்ஸ்ரன்ஸ் அம்மாவின் பழைய மயில் நிறச் சேலையைக் கட்டிக்கொண்டு போனாள். கூட ஸமீமா. "வெளிநாட்டு ஆக்கள்ட நிகழ்ச்சிண்டா தின்ன நல்ல பற்றிஸ் ஈக்கும்" என்பது ஸமீமாவின் கணக்கு.

மண்டபத்தில் நூறு பேர் இருப்பார்கள். நடுவில் ஒரு மேசை, மேசையில் ஒரு பழைய ரெக்கோர்டர், இரண்டு ஒலிபெருக்கி. முதலில் அனுஜனோடு ஒரு உரையாடல். குட்டைத் தலைமயிர் வைத்த இளம்பெண் ஒருத்தி, உங்களை உருவாக்கிய இசை எது என்று கேட்டாள். அவன் ஐரோப்பியப் பெயர்கள் நாலைந்து சொன்னான். கடலைச் சொன்னான், கப்பலைச் சொன்னான், மரக்கட்டையைச் சொன்னான். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா எல்லாத்துக்கும் முதல் ஒரு டொபித் தாள்" என்றான்.

கொன்ஸ்ரன்ஸ் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஸமீமா முழங்கையால் இடித்தாள்.

"எனக்கு ஆறு வயசு. அம்மா இறந்துட்டா. வீட்ட ஒருத்தரும் இல்ல. தனிய இருந்து ரெக்கோர்டரை நோண்டேக்க, டொபித் தாளை உள்ள வச்சா பழைய குரல் அழியாதெண்டு கண்டுபிடிச்சன். இண்டைக்கும் நான் செய்யிறது அதைத்தான்."

"வீட்ட ஒருத்தரும் இல்லயா?" ஸமீமா காதுக்குள் கேட்டாள். "அப்ப நீ யாரு, அலுமாரியா?"

"பேசாம இரு" என்றாள் கொன்ஸ்ரன்ஸ். கதை சொல்லும்போது இப்படி ஒன்றிரண்டு ஆள் குறைவது வழக்கம்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

விளக்குகள் மங்கின. அவன் ஒரு பொத்தானை அழுத்தினான். ஒலிபெருக்கியிலிருந்து 'உஸ்' என்ற இரைச்சல் வந்தது. யாரோ இருமினார்கள். கதிரை ஒன்று நகர்ந்தது. எங்கோ ஒரு கதவு. அப்படியே நிமிடங்கள் போயின.

"இன்னும் தொடங்கல்லயா?" என்றாள் ஸமீமா.

"தொடங்கி அஞ்சு நிமிஷம்."

"அப்ப பற்றிஸ் எத்தன மணிக்கு?"

கொன்ஸ்ரன்ஸ் சிரிப்பை அடக்க, கையிலிருந்த துண்டுப்பிரசுரத்தை விரித்தாள். 'மிச்சம்' என்று தலைப்பு. கீழே சின்ன எழுத்தில் விளக்கம். இசையமைப்பாளரின் தாயாருடைய குரல் பதிந்த ஒரேயொரு ஒலிநாடா. பத்து நிமிடம். ஒவ்வொரு நகரத்திலும் அதில் ஒரு நிமிடம் அழிக்கப்பட்டு, அந்த இடத்தில் அந்த மண்டபத்தின் ஒலி பதியப்படுகிறது. எட்டு நகரங்களில் எட்டு நிமிடம் முடிந்துவிட்டது. கடைசி இரண்டு நிமிடமும் கொழும்பில், அவர் பிறந்த ஊரில். பிரதி எதுவும் எடுக்கப்படவில்லை.

அவள் அதை இரண்டாம் தடவை வாசிக்கும்போது அம்மா பேசினாள்.

எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல, மங்கலாக. சின்னவன்... டொபி... பல்லெல்லாம்... அந்த இருமல். அதற்கு மேலே பதினைந்து வயதுக் கொன்ஸ்ரன்ஸ் பள்ளிப் பரீட்சையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு பத்தாவது நிமிடம் வந்தது. மேலே இருந்த எல்லாக் கொன்ஸ்ரன்ஸும் ஒரு கணம் மூச்சுவாங்கி நின்ற இடைவெளியில், மிகத் தெளிவாக, "கொன்ஸி, இஞ்ச வா. அப்பாவுக்கு ஒரு சொல் சொல்லன்."

இருபது வருடத்துக்குப் பிறகு அம்மா மறுபடி அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். நூறு பேருக்கு முன்னால்.

அவள் எழும்பவில்லை. மேசையில் அனுஜன் நாடாவைப் பின்னுக்குச் சுற்றி, ஒன்பதாவது நிமிடத்தில் நிறுத்தி, இரண்டு பொத்தானை ஒன்றாக அழுத்தினான். ஒரு நிமிடம் மண்டபம் மூச்சுவிடாமல் இருந்தது. பிறகு அதைப் போட்டுக் காட்டினான். டொபியும் இல்லை, பல்லும் இல்லை, இருமலும் இல்லை. கை தட்டினார்கள்.

வாசலில் அவன் ஓடிவந்து கட்டிப்பிடித்தான். "அக்கா, எப்பிடி?"

"தண்ணியில ஊறின கசெட் நல்லாத்தான் காஞ்சிருக்கு" என்றாள் கொன்ஸ்ரன்ஸ்.

அவன் கை தளர்ந்தது. பின்னால் நாலு பேர் அவனோடு படம் எடுக்கக் காத்திருந்தார்கள். "நாளைக்குக் காலமை வாங்க அக்கா. எல்லாம் சொல்றன்."

ஸமீமா பற்றிஸ் எடுக்காமலே வெளியே வந்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை கொன்ஸ்ரன்ஸ் அவன் தங்கியிருந்த இடத்துக்குப் போனாள். வெள்ளவத்தையில், அவளுடைய வேலைத்தலத்துக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி, ஒரு மாடிவீட்டின் நாலாம் தட்டு. பல்கனிக்குக் கீழே ரயில் பாதை, அதற்கப்பால் கடல். அவன் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தான். சீனி எத்தனை கரண்டி என்று கேட்டுத்தான் போட்டான். அது அவளுக்கு எங்கோ தைத்தது.

"குழாய் வெடிச்சதா, இல்லையா?"

"இல்ல அக்கா."

"அண்டைக்கு அழுதாய் தானே. அது?"

"அது உண்மை." அவன் கோப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அந்தக் கிழமைதான் எங்கட லேப்ல கசெட்டைக் கொண்டுபோய்க் காட்டினனான். அம்மாட குரலைத் தெளிவாக்க ஏலுமோ எண்டு கேட்டன். அங்க இருந்த ஆள் பார்த்துட்டுச் சொன்னார், ஏலாதாம். தாள் காந்தத்தைத்தான் தடுக்குமாம். ஆனா மேல புதுசாப் பதியேக்கயே பழையது ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாத் தேயுமாம். ஏழு முறை பதிஞ்சிருக்கு எண்டார்." கோப்பையைக் கீழே வைத்தான். "அம்மாவ மங்க வச்சது நீங்கதான் அக்கா. தெரியாமச் செய்தது. அதை எப்பிடி உங்களுக்குச் சொல்ற? அதுதான் தொலைஞ்சு போச்செண்டு சொன்னனான்."

ஒரு ரயில் போனது. மேசையிலிருந்த கரண்டிகள் கிலுகிலுத்தன. கொன்ஸ்ரன்ஸுக்கு ஓடிக்கொலோன் தொட்ட பஞ்சு ஞாபகம் வந்தது. எவ்வளவு கவனமாகத் துடைத்தாள்.

"நீ சொல்லியிருந்தா நான் அழுதிருப்பன்" என்றாள். "ஒரு மாசம், ரெண்டு மாசம். பிறகு மிச்சம் இருந்ததைக் கேட்டுக்கொண்டு இருந்திருப்பன். மங்கலெண்டாலும் அம்மா தானே. நான் செய்த பிழை என்ட பிழை. அதைத் தெரிஞ்சுகொள்ள எனக்கு உரிமை இல்லையா? என்னை வச்சே உனக்கு ஆறுதல் சொல்ல வச்சாய்."

"அக்கா..."

"சரி, எனக்காக ஒளிச்சனி எண்டே வைப்பம். எட்டு ஊர்ல எட்டு நிமிஷம் அழிச்சது ஆருக்காக?"

அவன் இதற்குப் பதில் வைத்திருந்தான். பலமுறை மேடையில் சொல்லிப் பழகிய பதில்போல அது வழுக்கிக்கொண்டு வந்தது. எப்படியும் தேய்ந்துகொண்டிருக்கிற குரல், அதை வைத்துப் பூட்டாமல் மனிதர்கள் நடுவில் போகவிடுவது, கடைசியாக ஊருக்குக் கொண்டுவருவது. "இண்டைக்கு அம்மா வீட்ட வாறா அக்கா. அதுதான் இந்த வேலையின்ட அர்த்தமே."

"அம்மா வீட்ட வாறதெண்டா கொட்டாஞ்சேனைக்கு வரோணும். கறுவாத்தோட்டத்துக்கு இல்ல" என்றாள் கொன்ஸ்ரன்ஸ். "அந்தக் கடைசி நிமிஷத்தில என்ட பேர் இருக்கு. கசெட்டைத் தா."

"இண்டைக்கு டிக்கெட் எல்லாம் முடிஞ்சுது. ஜெர்மனியில இருந்து ஆக்கள் வந்திருக்கினம்."

அவள் கெஞ்சவில்லை. கைப்பையைத் திறந்தாள். காலையில் பஸ் நிலையத்துக் கடையில் இரண்டு டொபி வாங்கி, தின்னாமல், தாளை மட்டும் எடுத்து வைத்திருந்தாள். இப்போது வருகிற தாள் மெல்லியது. ஆகவே இரண்டு தாளை ஒன்றாக வைத்து நாலாய் மடித்திருந்தாள். விளிம்பில் நகம் தேய்த்த கோடு.

"இதைக் காந்தத்துக்கு முன்னால வை. நீ பதி, ஆக்கள் பார்க்கட்டும், உன்ட வேலை நடக்கட்டும். மண்டபச் சத்தத்துக்கு அடியில அம்மா இருப்பா. இன்னும் கொஞ்சம் தேய்வா. பரவாயில்ல. நாளைக்குக் கசெட்டை என்ட கையில தா. அவ்வளவுதான் கேக்கிறன்."

அனுஜன் தாளை வாங்கி விளிம்பைத் தடவிப் பார்த்தான். ஆறு வயதுப் பிள்ளையின் முகம் ஒருகணம் வந்து போனது. "சரி அக்கா" என்றான். "வைக்கிறன்."

கொன்ஸ்ரன்ஸ் அந்தச் 'சரி'யைக் காதில் வைத்து நன்றாகப் பார்த்தாள். அதற்குள் சரி இருந்தது.

மாலை மண்டபம் நிறைந்துவிட்டது. சுவரோரமும் நின்றார்கள். ஸமீமா வரமாட்டேன் என்றுதான் சொன்னாள். பிறகு கடைசி நேரம் அபாயாவை மாட்டிக்கொண்டு த்ரீவீலரில் ஏறிவிட்டாள். "ஒன்னத் தனிய உட்டா நீ அங்கயும் ஆறுதல் செல்லிட்டு வருவ."

அதே உரையாடல். அதே டொபித் தாள், அதே "வீட்ட ஒருத்தரும் இல்ல". பிறகு ஒன்பது நிமிடம் ஒன்பது மண்டபங்களின் இரைச்சல். ஒன்பதாவதில் நேற்றைய கொழும்பு இருந்தது. பிறகு அம்மா கூப்பிட்டாள். கொன்ஸி, இஞ்ச வா.

அனுஜன் நாடாவைச் சுற்றினான். ரெக்கோர்டரின் மூடியைத் திறந்தான். அவனுடைய கை உள்ளே போவதைக் கொன்ஸ்ரன்ஸ் கண்டாள். மூடினான். இரண்டு பொத்தான்கள். ஒரு நிமிடம். அவள் செபமாலையைப் பிடிப்பதுபோலக் கைப்பையின் வாரைப் பிடித்திருந்தாள். அவளுடைய கதிரை மெல்ல முனகியது. ஸமீமா, "யா அல்லாஹ்" என்று தனக்குள் சொன்னாள்.

பிறகு அவன் போட்டுக் காட்டினான். இரைச்சல் வந்தது. ஒரு கதிரை முனகியது. "யா அல்லாஹ்" என்று ஒரு பெண்குரல். கொன்ஸ்ரன்ஸ் கண்ணை மூடி, அதற்கு அடியில் தேடினாள். மூச்சிலேயே ஆளைப் பிடிக்கிற காது. இரைச்சலை விலக்கினாள், கதிரையை விலக்கினாள், ஸமீமாவை விலக்கினாள். அடியில் ஒன்றும் இல்லை. மங்கல்கூட இல்லை. கழுவித் துடைத்த கோப்பைபோல இருந்தது.

எல்லோரும் எழும்பி நின்று கைதட்டினார்கள். முன்வரிசையில் ஒரு வெள்ளைக்காரி கண்ணைத் துடைத்தாள்.

கூட்டம் கலையும்வரை இருந்துவிட்டு அவள் மேசைக்குப் போனாள். தண்ணீர்ப் போத்தலுக்குப் பக்கத்தில் டொபித் தாள் கிடந்தது. மடிப்புக் குலையாமல், அவள் கொடுத்தபடியே.

அனுஜன் வந்தான். அவன் கண்களும் கலங்கித்தான் இருந்தன. "வைக்கத்தான் எடுத்தனான் அக்கா. சத்தியமா. கை வரைக்கும் வந்துட்டுது. ஆனா தாளை வச்சா வேலை பொய்யாப் போயிரும். இவ்வளவு ஆக்களுக்கு முன்னால பொய் சொல்ல எனக்கு ஏலாமப் போச்சு."

"ஓம்" என்றாள் கொன்ஸ்ரன்ஸ். "பொய் சொல்லப்படாதுதான்."

அவன் ரெக்கோர்டரைத் திறந்து கசெட்டை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினான். அவளுடைய பழைய கைக்குட்டையையும் பத்திரமாக வைத்திருந்தான். "இனி இது உங்கட, அக்கா."

அவள் கசெட்டைப் பார்த்தாள். முதுகில் பதினான்கு வயதில் அவள் எழுதிய எழுத்து இன்னும் இருந்தது. 'எங்கட பக்கம்.' அவள் அதைத் தொடவில்லை. டொபித் தாளை மட்டும் எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு நடந்தாள். வழியெல்லாம் ஸமீமா அவனைத் திட்டித் தீர்த்தாள். வாழைத்தோட்டம் வரைக்கும் திட்டினாள். கொட்டாஞ்சேனையில் இறங்கும்போது அவளுக்கும் சொற்கள் முடிந்துவிட்டன. "ஊட்டுக்கு வா, தேத்தண்ணி குடிப்பம்" என்றாள்.

திங்கட்கிழமை ஏழரைக்குக் கொன்ஸ்ரன்ஸ் கதிரையில் இருந்தாள். எட்டுக்குக் கனகசபாபதி ஐயா எடுத்தார். சீனி குறைந்திருந்தது. எட்டரைக்கு டோரின் மிஸ், பேரனுக்கு இருமல், ஆஸ்பத்திரிக்குப் போகுமளவுக்கு இல்லை என்று கொன்ஸ்ரன்ஸே சொல்லித் தைரியம் கொடுத்தாள். ஒன்பது மணிக்கு ஒரு அழைப்பு. மறுமுனையில் விமான நிலையத்து அறிவிப்பு கேட்டது. ஒரு மூச்சு இழுபட்டது. அந்த மூச்சை அது பிறந்த நாளிலிருந்து அவள் கேட்டிருக்கிறாள், காய்ச்சலில், வயலின் வகுப்பு வாசலில், பாயில் அவளுக்குப் பக்கத்தில்.

"அக்கா" என்றது குரல். "நான் போறன். கோபமா?"

கொன்ஸ்ரன்ஸ் பேனையை எடுத்தாள். முன்னாலிருந்த பதிவுப் புத்தகத்தில் அடுத்த வரியில் நேரத்தை எழுதினாள்.

"யார் கதைக்கிறது?" என்று கேட்டாள்.